அவிலா மதில்: போய் வந்தவர்கள் சொல்வது

சலமாங்காவில் படிக்கும் மாணவி:

முதுகலை படிக்க ஸ்பெயினின் சலமாங்கா வந்து ஐந்து மாதம் ஆகியும் ஊர் எல்லையைத் தாண்டவில்லை. வகுப்பு, நூலகம், அறை, குக்கரில் சோறு, மறுபடி நூலகம் என்றே நாள் ஓடியது. பிப்ரவரி கடைசியில் ஒரு வியாழக்கிழமை வகுப்பு இல்லை என்று தகவல் வந்தது. அன்று இரவே அவிலாவுக்கு ட்ரெயின் டிக்கெட் எடுத்துவிட்டேன். போக ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். காலையில் போய் இருட்டியதும் திரும்பிவிடலாம். தனியாகப் போன முதல் வெளியூர்ப் பயணம் இது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

வழியெல்லாம் காஸ்டீல் சமவெளி. முளைவிட்ட கோதுமை, நடுநடுவே கரும்பச்சையாக என்சீனா மரங்கள். அவிலா நெருங்க நெருங்க வயல் குறைந்து பாறை கூடுகிறது. எல்லாம் கருங்கல். ஊருக்கு மதில் எங்கிருந்து வந்தது என்று அங்கேயே தெரிந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து 1,130 மீட்டர் உயரம்; ஸ்பெயினின் மாகாணத் தலைநகரங்களில் இவ்வளவு உயரத்தில் வேறு எதுவும் இல்லை. சலமாங்காவில் போதுமாக இருந்த ஸ்வெட்டர் அவிலா பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் போதவில்லை. போகிறவர்கள் தடிப்பான கோட்டும் காதை மூட ஏதாவதும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிடம் நடந்தால் சாந்தா தெரசா சதுக்கம். அதுவரை சாதாரண ஊர்தான்: அடுக்குமாடி, மருந்துக்கடை, வங்கி. சதுக்கத்தின் இந்தப் பக்கம் சான் பெத்ரோ தேவாலயம், அந்தப் பக்கம் மதிலின் அல்காசர் வாசல். சுமார் இருபது மீட்டர் உயரத்தில் இரட்டைக் கோபுரம், இரண்டையும் மேலே இணைக்கும் வளைவு. நான் படத்தில் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தேன். ஆனாலும் நேரில் நின்றபோது கொஞ்ச நேரம் கால் நகரவில்லை.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். சுற்றளவு 2,516 மீட்டர், 88 கோபுரங்கள், 9 வாசல்கள். சுவரின் உயரம் சராசரியாக 12 மீட்டர், தடிமன் 3 மீட்டர். 1085-ல் தொலேதோவைப் பிடித்த மன்னர் ஆறாம் அல்போன்சோ, பாழாய்க் கிடந்த அவிலாவில் ஆட்களைக் குடியேற்றும் பொறுப்பைத் தன் மருமகன் பர்கண்டி ரைமுண்டோவிடம் கொடுத்தார். 1090-ல் மதில் வேலை தொடங்கியது என்பது ஊர் மரபு. இப்போது நிற்பதில் பெரும்பகுதி 12-ம் நூற்றாண்டு வேலை என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. 1985-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, மதிலுக்கு வெளியே இருக்கும் தேவாலயங்களோடு சேர்த்து.

இனி நான் எழுத வந்த விஷயம்.

என் அப்பா கொத்தனார். பள்ளி விடுமுறை என்றால் நானும் தம்பியும் அவர் வேலை செய்யும் இடத்தில்தான் இருப்போம். அதனால் எந்தச் சுவரைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சந்துக்குத்தான். மதிலின் கிழக்குப் பக்கத்தை ஒட்டி, வெளியே சான் செகுண்டோ தெரு போகிறது. அதில் நடந்துகொண்டே சந்து பார்த்தேன். கற்கள் ஒரே மாதிரி இல்லை. ஒழுங்காகச் செதுக்கிய பெரிய சாம்பல் கற்கள் ஓர் இடத்தில் குவிந்திருக்கின்றன, பக்கத்திலேயே கரடுமுரடான கற்கள். சில கல்லில் சதுரமாக ஒரு குழி. கம்பியோ கட்டையோ செருகிய இடமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் ஒரு தாத்தா வந்து நின்றார். எண்பது வயது இருக்கும். தலையில் கம்பளித் தொப்பி, கையில் ரொட்டி நீட்டிக்கொண்டிருக்கும் துணிப்பை. என்னைப் பார்த்து வேகமாக ஏதோ சொன்னார். புரியவில்லை. 'கிராசியாஸ்' சொல்லிவிட்டு நகரப் பார்த்தேன். தனியாக நிற்கும்போது தெரியாத ஆண் பேச்சுக் கொடுத்தால் விலகிப் போவது எனக்குப் பழகிப்போன ஒன்று. அவர் பின்னால் வரவில்லை. சுவருக்குப் போய் ஒரு கல்லின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார், அவ்வளவுதான். பூச்சு காய்ந்துவிட்டதா என்று அப்பா கை வைப்பது அப்படியேதான். நான் நின்றுவிட்டேன்.

அவர் அந்தச் சதுரக் குழியில் இரண்டு விரலை விட்டுக் காட்டி, 'முவெர்தோஸ்' என்றார். இறந்தவர்கள். பிறகு விரல் நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்து எதையோ உதிர்ப்பதுபோலக் காட்டினார். சாம்பல்! 'ரொமானோஸ்' என்றதும் எனக்கு முழுதும் விளங்கியது. ரோமானியர் இறந்தவர்களை எரித்து, சாம்பலைக் கல்லில் குடைந்த பெட்டியில் வைத்து மூடுவார்கள். இந்தப் பக்கத்தில் அவர்களுடைய இடுகாடு இருந்திருக்கிறது. ஆயிரம் வருடம் கழித்து மதில் கட்ட வந்தவர்கள் அந்தக் கற்களை எடுத்துச் சுவரில் வைத்துவிட்டார்கள். கல்லறைக் கல், சாம்பல் பெட்டி, ரோமானியருக்கும் முன்னால் இங்கே இருந்த வெத்தோன் மக்கள் செதுக்கிய பன்றிச் சிலைகள் எல்லாமே உள்ளே போயிருக்கின்றன. கிழக்குப் பக்கம் தரை சமமாக இருப்பதால் எதிரி வருவது அங்கிருந்துதான். அங்கேதான் சுவர் உறுதியாக இருக்க வேண்டும். நல்ல கல் முழுக்க அந்தப் பக்கம் போனதற்குக் காரணம் அது.

என்னிடம் இருந்த ஸ்பானிஷை எல்லாம் திரட்டி, 'மி பாத்ரே, அல்பானீல்' என்றேன். என் அப்பா கொத்தனார். தாத்தாவின் முகம் மாறியதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பையைத் தரையில் வைத்தார். தன் நெஞ்சைத் தொட்டு 'கந்தேரோ' என்றார், கல்தச்சர். ஒரு கையை உயர்த்தி, அதிலிருந்து கயிறு தொங்குவதுபோல இன்னொரு கையால் காட்டி, ஆடுகிற குண்டு மெல்ல நிற்பதை விரலால் காட்டினார். நான் 'தூக்குக்குண்டு' என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் 'ப்ளொமாதா' என்றார். இருவரும் மாறி மாறி இரண்டு சொல்லையும் சொல்லிப் பார்த்தோம்.

அப்புறம் இருபது நிமிடம் பாடம் நடந்தது. பழைய சுண்ணாம்புச் சாந்து இருந்த சந்தில் கட்டைவிரல் நகத்தால் கீறினார். வெள்ளையாகத் தூள் உதிர்ந்தது. இன்னோர் இடத்தில் சிமென்ட் வைத்துப் பூசிய சந்து. அதை நகம் கீறவில்லை. ஆனால் அதன் ஓரத்தில் கல் பொரிந்து, தோல் உரிவதுபோல உரிந்திருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினார்: மூச்சு விட முடியாது. சிமென்ட் கல்லைவிடக் கெட்டி. உள்ளே போன ஈரம் சந்து வழியாக வெளியே வர முடியாமல் கல் வழியாக வரும். குளிரில் அது உறைந்தால் கல் வெடிக்கும். சுண்ணாம்பு மென்மையானது, ஈரத்தைத் தான் வாங்கி வெளியே விடும். கரைந்து போவதும் அதுதான். பத்து, இருபது வருடத்துக்கு ஒருமுறை சந்தைப் புதுப்பித்தால் கல் பிழைத்துக்கொள்ளும். இந்த விளக்கத்தைப் பிறகு புத்தகத்தில் படித்து நிரப்பிக்கொண்டேன். அங்கே எனக்குப் புரிந்தது நகமும் மூக்கும் மட்டும்தான், அதுவே போதுமாக இருந்தது.

கிளம்பும்போது 'அதியோஸ், ஈஹா' என்றார். ஈஹா என்றால் மகள். பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

மதில் மேல் ஏறுவதைப் பற்றி: நடக்க விடுவது சுமார் 1,700 மீட்டர், இரண்டு துண்டாக. அல்காசர் வாசலில் ஏறினால் தெற்கே ஒரு சின்னத் துண்டு. பேராலயத்தை ஒட்டிய பழைய இறைச்சிக்கடைக் கட்டடத்தில் ஏறினால் வடக்குப் பக்கம் முழுக்க நடந்து ஆற்றுப் பாலம் வரை போகலாம். இரண்டையும் பிரிப்பது பேராலயம். அதன் பின்புறம் மதிலிலிருந்து அரைவட்டமாகப் புடைத்து நிற்கிறது. மதிலிலேயே பெரிய கோபுரம் கருவறையின் முதுகுதான். பூசை செய்யும் இடமும் காவல் காக்கும் இடமும் ஒரே சுவர் என்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உள்ளே போனால் அந்தப் பகுதியின் கல்லில் செம்மஞ்சளும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக நிறம், குங்குமம் சிந்தியதுபோல. பக்கத்திலுள்ள லா கொலீயா கிராமத்துக் கல் என்றார்கள்.

மேலே காற்று பேய்க்காற்று. நாரைகள் கூட்டில் நின்று அலகைத் தட்டிக்கொண்டிருந்தன. தெற்கே பனி மூடிய மலை. 1109-ல் ஆண்கள் வெளியே போயிருந்த நேரம் வட ஆப்பிரிக்க முஸ்லிம் அரசான அல்மொராவித்தின் படை வந்தது, ஹிமேனா பிளாஸ்கெஸ் என்ற பெண் ஊர்ப் பெண்களைத் தொப்பி போட்டு மதில் மேல் நிறுத்தினாள், உள்ளே பெரும்படை இருக்கிறதென்று எண்ணி எதிரி திரும்பிவிட்டான் என்று இங்கே ஒரு கதை சொல்வார்கள். வரலாற்றுச் சான்று இல்லாத கதைதான். கொத்தளங்களுக்கு நடுவே நின்று தலையை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தால் அந்தக் கதையை ஏன் கட்டினார்கள் என்பது தெரியும்: கீழே நிற்பவனுக்கு உங்கள் தலையைத் தவிர எதுவும் தெரியாது.

மதியம் பாரில் பதாதாஸ் ரெவோல்கோனாஸ் சாப்பிட்டேன். மசித்த உருளைக்கிழங்கில் மிளகாய்ப்பொடி போட்டு, மேலே மொறுமொறுவென்று பொரித்த பன்றித் துண்டுகள். அதை வேண்டாம் என்றால் நீக்கித் தருகிறார்கள். நம் நாக்குக்கு நன்றாகவே ஒத்துவரும்.

சாயந்தரம் பாலம் கடந்து குவாத்ரோ போஸ்தெஸ் போங்கள், இதைத் தவறவிடவே வேண்டாம். அதாஹா ஆற்றுக்கு அக்கரையில் நான்கு தூண், நடுவில் சிலுவை. இந்த ஊரில் பிறந்து பின்னால் புனிதரான தெரசா, ஏழு வயதில், மதத்துக்காக உயிர்விடப் போகிறேன் என்று அண்ணனோடு வீட்டை விட்டு ஓடியபோது, சித்தப்பா பிடித்துத் திரும்ப அழைத்து வந்தது இங்கிருந்துதான் என்பார்கள். மதில் முழுதும் ஒரே பார்வையில் விழுவது இந்த மேட்டிலிருந்துதான். வெயில் இறங்க இறங்க சாம்பல் கல் தேன் நிறமாகிறது, பிறகு விளக்கு போடுகிறார்கள்.

ட்ரெயினில் உட்கார்ந்து அப்பாவுக்கு வீடியோ எடுத்ததை அனுப்பினேன். அங்கே நள்ளிரவு ஆகியிருக்கும். ஆனாலும் உடனே கூப்பிட்டார். கோபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சாந்து என்ன போட்டிருக்கான்?" என்றார்.

மாட்ரிடில் வேலை பார்ப்பவர்:

தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மாவின் பெயர் தெரசா. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். அக்டோபர் 15 அவிலா தெரசம்மாள் திருநாளில் பிறந்ததால் அந்தப் பெயர். என்னோடு இருக்க வந்த வருடம் அதே நாளில் அவிலாவுக்குக் கூட்டிப்போனேன்.

அந்தத் தேதிக்கு ஒரு கதை இருக்கிறது. தெரசம்மாள் இறந்தது 1582 அக்டோபர் 4 இரவு, சலமாங்காவுக்குப் பக்கத்திலுள்ள ஆல்பா தெ தோர்மெஸில். அன்று இரவோடு பழைய நாட்காட்டி முடிந்து கிரகோரியன் நாட்காட்டி தொடங்கியது. மறுநாள் விடிந்தது அக்டோபர் 15. நடுவில் பத்து நாள் ஸ்பெயினில் இல்லவே இல்லை. அம்மாவுக்கு இதைச் சொன்னபோது, தன் பிறந்தநாளுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

ஊர்வலம் பார்த்தோம். 1515-ல் அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில் கட்டிய ஆலயத்தில் அம்மா ரொம்ப நேரம் முழங்காலில் இருந்தார். ஆனால் நான் சொல்ல வந்தது சாயந்தரம் நடந்தது.

யேமா வாங்கப் போனோம். முட்டை மஞ்சள் கருவும் சர்க்கரையும் சேர்த்து உருட்டிய இனிப்பு, அவிலாவின் அடையாளம். கடைகளில் எங்கும் கிடைக்கும். அடைப்பு மடத்தில் வாங்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அங்கே கன்னியரைப் பார்க்க முடியாது. சுவரில் ஒரு மரச் சுழல்பெட்டி இருக்கும், தோர்னோ என்பார்கள். மணி அடித்தால் உள்ளிருந்து குரல் வரும்: 'ஆவே மரியா புரீசிமா.' அதற்குப் பதில் சொல்லும் முறை ஒன்று உண்டு. எனக்குத் தெரியாது. நான் விழித்துக்கொண்டு நிற்க, அம்மா அந்த முதல் இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு, 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்று தமிழில் தொடங்கி முழுச் செபத்தையும் சொன்னார். உள்ளே சத்தமே இல்லை. அம்மா முடித்ததும் அந்தக் குரல் 'ஆமென்' என்றது. அப்புறம்தான் என்ன வேண்டும் என்று கேட்டது.

பணத்தைப் பெட்டியில் வைத்தேன். பெட்டி சுழன்றது, மரம் தேய்கிற சத்தம். திரும்பி வந்தபோது இனிப்புப் பெட்டியும் மீதிச் சில்லறையும், தனியாகக் காகிதத்தில் சுற்றிய ஒரே ஒரு யேமாவும் இருந்தன. 'பாரா லா மாத்ரே' என்றது குரல். அம்மாவுக்கு. அந்தக் காகிதத்தை அம்மா இன்னும் செபப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்.

லூகோவில் ஆராய்ச்சி மாணவர்:

மதில் என்றால் லூகோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினின் வடமேற்கு மூலை, கலீசியா. ரோமானியர் 3-ம் நூற்றாண்டில் கட்டியது, அவிலாவைவிட ஏறக்குறைய எண்ணூறு வருடம் மூத்தது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 71 கோபுரம், 10 வாசல், 2000-த்தில் யுனெஸ்கோ. கோபுரத்தின் அழகில் அவிலாவுக்கு நிகர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே சுவர் முழுதும் மேலே சுற்றி வரலாம், டிக்கெட் கிடையாது, மேல்தளம் தெரு மாதிரி அகலம். ஊர்க்காரர்களுக்கு அது நடைப்பயிற்சிப் பாதை.

முதல் குளிர்காலத்தில் எனக்கு மனசு சரியில்லை. நாள்கணக்கில் மழை, பேச ஆள் இல்லை. சாயந்தரம் மதில் மேல் சுற்றுவதை மட்டும் விடவில்லை. தினமும் எதிர்த்திசையில் ஒரு பாட்டி குடையோடு வருவார். ஒரு சுற்றில் இரண்டு தடவை எதிர்ப்படுவோம். முதல் வாரம் தலையசைப்பு, பிறகு 'ஓலா'. ஒரு மாதம் கழித்து, அவர் நின்று, கையால் வட்டம் போட்டுக் காட்டி, நீ ஏன் திசை மாறி நடக்கக் கூடாது என்று கேட்டார். அன்றிலிருந்து அவரோடு சேர்ந்து நடந்தேன். கலீசிய மொழியில் நான் கற்ற சொல்லெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தது. மழைக்கே எத்தனை பெயர் அவரிடம்!

மாட்ரிடில் புதிதாக வந்திருப்பவர்:

அக்கா, அடுத்த மாதம் அப்பா அம்மா வருகிறார்கள். அவிலா ஒரே நாளில் முடியுமா? அப்பாவுக்கு முழங்கால் வலி. அந்தச் சாம்பல் பெட்டிக் கற்களை எங்கே நின்று பார்ப்பது?

சலமாங்காவில் படிக்கும் மாணவி:

ஒரே நாள் தாராளமாகப் போதும்மா. மாட்ரிடிலிருந்து ட்ரெயினில் ஒன்றரை மணி நேரம்தான். அப்பாவை மதில் மேல் ஏற்ற வேண்டாம், கோபுரப் படிகள் உயரமும் குறுகலும். அதற்குப் பதிலாகத் தெற்குப் பக்கம் ரஸ்த்ரோ நடைபாதைக்குக் கூட்டிப்போ. மதிலை முதுகுக்கு வைத்து வெயிலில் உட்காரலாம், எதிரே பள்ளத்தாக்கும் மலையும். ஊர்ப் பெரியவர்கள் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், சாப்பாட்டை அந்த நேரத்தில் வைத்துக்கொள்.

கற்களுக்கு: அல்காசர் வாசலில் இருந்து பேராலயத்தின் முதுகைத் தாண்டி சான் விசென்தே வாசல் வரை, வெளிப்பக்கம், சான் செகுண்டோ தெருவிலேயே நட. மேலே பார்க்காதே, இடுப்பளவுக்கும் தலையளவுக்கும் நடுவே பார். அது கிழக்குச் சுவர். காலை வெயிலில் நேராக வெளிச்சம் அடித்து எல்லாம் தட்டையாகத் தெரியும். நண்பகலை ஒட்டிப் போ. அப்போது வெயில் சுவரோடு உரசிக்கொண்டு விழும். பூச்சில் மேடுபள்ளம் பார்க்க என் அப்பா விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடிப்பார், அதே மாதிரி. ஒவ்வொரு குழிக்கும் ஓரத்தில் நிழல் கட்டிக்கொள்ளும், தேட வேண்டியதே இல்லை.